நானூறு ரூபாய் சாக்லேட்டில் விவசாயிக்கு எவ்வளவு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், 50 கிராம் டார்க் சாக்லேட்டை 400 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தாள். ‘விவசாயிகளுக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிய கோகோ’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாம் கொடுக்கிற காசு உண்மையிலேயே அவர்களுக்குப் போகிறதா?
– வாசகி, ராயபுரம்

பதில்: சாக்லேட்டின் விலையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது அம்மா. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 சதவீத டார்க் சாக்லேட் 50 கிராமில் கோகோ 35 கிராம். வறுத்து, தோல் நீக்கும்போது போகும் எடையையும் சேர்த்தால் சுமார் 45 கிராம் காய்ந்த கொட்டை வேண்டும். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கொட்டையின் செலவு 27 ரூபாய்தான். விவசாயிக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் கம்பெனிக்குக் கூடுதல் செலவு இன்னொரு 27 ரூபாய். ஆக, நானூறு ரூபாய்க்கு விற்கிற ஒருவரால் நல்ல விலை கொடுக்க முடியும். கொடுத்தாரா என்பதைத்தான் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே அறுவடையில் பெரும்பகுதியை அரசு முன்கூட்டியே விற்றுவிட்டு, பருவத் தொடக்கத்தில் விவசாயிக்கான விலையை அறிவிக்கும். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அதே பருவத்தில் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 1,800 சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்த நாட்டுப் பணம்). டன்னுக்குச் சுமார் 3,000 டாலர். காசிமேட்டு ஏலத்தில் மீன் விலை ஏறினாலும் வலை இழுத்தவர் கையில் அது அப்படியே வந்து விழுவதில்லை என்பது ராயபுரத்துக்காரரான உங்களுக்குத் தெரியும். அதே கதைதான்.

மகள் வாங்கியது நம் ஊர்க் கோகோவாகவும் இருக்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கோகோ ஊடுபயிர். ஆந்திரா, கேரளா, கர்நாடகாவிலும் இருக்கிறது. பழத்தை உடைத்தால் வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகள் வழவழவென்று வரும். சின்ன விவசாயிகள் பலர் அந்த ஈரக்கொட்டையை உடனே விற்றுவிடுகிறார்கள். ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரே நேரத்தில் நிறையக் கொட்டை சேர வேண்டும், இடம் வேண்டும், பணத்துக்குக் காத்திருக்கவும் முடிய வேண்டும். சுமார் மூன்று கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அதனால் ‘சந்தை விலையைவிட அதிகம் கொடுத்தோம்’ என்று ஒரு கம்பெனி சொன்னால், ஈரக்கொட்டை விலையா, காய்ந்த கொட்டை விலையா, எந்த மாதத்துச் சந்தை விலை என்று கேளுங்கள். 2024-ல் கேரளாவில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது, 2025-ல் அதில் பாதிக்கும் கீழே போனது. விலை விழுந்தபோது என்ன கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அட்டையிலுள்ள மின்னஞ்சலுக்கு மகளை எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர்த் தோட்டம், கிலோவுக்கு என்ன விலை, பணம் எத்தனை நாளில் போனது என்று மூன்றே கேள்வி. சில சின்னக் கம்பெனிகள் கொடுத்த விலையைத் தாங்களாகவே வெளியிடுகின்றன. சிரிக்கிற விவசாயியின் படத்தைவிட அந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: வீட்டிலேயே கேக், சாக்லேட் செய்து விற்கிறேன். சௌகார்பேட்டை மொத்தக் கடையில் டார்க் சாக்லேட் கட்டி (பிளாக்) வாங்குகிறேன். ‘இதில் குழந்தைத் தொழிலாளர் உழைப்பு இல்லையே?’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். என்ன சொல்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: தெரியாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர் பயம் நியாயமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருந்தார்கள். பலர் சொந்தக் குடும்பத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். கூலிக்கு ஆள் வைக்க அப்பாவிடம் காசில்லாததும் அதற்கு ஒரு காரணம். விலையைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது.

உங்கள் பிளாக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘காம்பவுண்ட்’ என்றிருந்தால் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு சேர்த்தது. அதிலுள்ள கோகோ பவுடர் எங்கிருந்து வந்தது என்பதை மொத்தக் கடைக்காரரால் பெரும்பாலும் சொல்ல முடியாது. இந்தியக் கொட்டையில் செய்ததை விசாரித்துப் பாருங்கள். பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவான மங்களூர் கேம்ப்கோ, 1986 முதல் புத்தூரில் சாக்லேட் ஆலை நடத்துகிறது. எல்லா ஆர்டருக்கும் இப்படி வாங்கினால் கட்டுப்படியாகாது, சரி. ஒரே ஒரு வகையை மட்டும் இப்படிச் செய்து, கொட்டை எங்கிருந்து வந்தது என்று எழுதி, அதற்குரிய விலையில் விற்றுப் பாருங்கள்.

கேள்வி: பாரிமுனையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கினேன். தவளை முத்திரை ஒன்றும், பக்கத்தில் அம்புக்குறி போட்ட ஃபேர்டிரேட் முத்திரை ஒன்றும் இருந்தன. நம்பலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இரண்டும் ஒன்றல்ல ஐயா. ஃபேர்டிரேட் கோகோவுக்குக் குறைந்தபட்ச விலை உண்டு, விவசாயிகள் சங்கத்துக்குத் தனியாக ஊக்கத்தொகையும் போகும். தவளை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற இன்னொரு சான்றளிக்கும் அமைப்பினுடையது. அதில் அப்படி ஒரு அடிவிலை கிடையாது. அம்புக்குறி இருந்தால் பின்பக்கம் படியுங்கள் என்று அர்த்தம். சான்று பெற்ற கொட்டை ஆலையில் மற்றக் கொட்டையோடு கலந்திருக்கலாம், வாங்கிய அளவு மட்டும் கணக்கில் சரியாக இருக்கும் என்று அங்கே எழுதியிருப்பார்கள். அது மோசடி அல்ல, விவசாயிக்குப் பணம் போகிறது. உங்கள் கையிலிருப்பது அதே கொட்டைதான் என்று மட்டும் சொல்ல முடியாது.

அப்புறம், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? அது சட்டப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால், முத்திரையில் சந்தேகம் வந்தாலும் நீங்கள் கேள்வி கேட்க இங்கே ஆளில்லை. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.