கேள்வி நேரம்: டெலஸ்கோப் இல்லாமல் சிறுகோள் தேடலாமா?

கேள்வி: பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வானியலில் உருப்படியாக ஏதாவது செய்யணும் என்கிறார்கள். பள்ளியில் டெலஸ்கோப் கிடையாது, கம்ப்யூட்டர் லேப் மட்டும் உண்டு. வழி இருக்கிறதா?
- அறிவியல் ஆசிரியை, அரூர்

பதில்: தாராளமாக இருக்கிறது. ஹவாயில் ஹாலேயாகலா மலை மேலே இருக்கும் பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்களை, சிறுகோள்களை (சூரியனைச் சுற்றும் சிறு பாறைகளை) தேடுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கே அனுப்புகிறார்கள், காசு வாங்காமல். ஐ.ஏ.எஸ்.சி. (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) என்ற அமைப்பு 2006இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய வேலை இது. குழுவைப் பதிவு செய்துகொண்டு, படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளை விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஆரம்பிக்கலாம்.

வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், சிறுகோள் மட்டும் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் நகரும். கேட்கச் சுலபம்தான், ஆனால் கேமராவின் கெட்ட பிக்சலும் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்) பட்ட தடமும் கூடச் சிறுகோள் வேஷம் போடும். புள்ளியைக் கிளிக் செய்தால் அதன் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். அது வழவழவென்று ஏறி இறங்கினால் நம்பலாம், ஊசி மாதிரி நெட்டாக நின்றால் சந்தேகப்படணும். நாலு படத்திலும் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றா, ஏற்கெனவே பட்டியலில் உள்ளதா என்பதையும் பார்க்கணும். ஒரே படத்தொகுப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கட்டும், அப்புறம் உட்கார்ந்து சண்டை போடட்டும். அந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்குங்கள், மென்பொருள் பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் வந்த உடனே ‘சிறுகோள் கண்டுபிடித்த மாணவி’ என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள், ஆனால் அது முதற்கட்டப் பதிவுதான். சுற்றுப்பாதை உறுதியாகி, எண் கொடுத்து, பெயர் வைக்கப் பல வருஷம் ஆகும். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பெயர் வைத்துத் தருகிறோம் என்று பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், அதெல்லாம் விற்பனைக்கு இல்லை.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன். இந்த மாதிரி வேலையை விஞ்ஞானிகள் நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா, இல்லை பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கச் செய்வதா?
- ஒரு அப்பா, நாமக்கல்

பதில்: இரண்டும் உண்டு, அதனால் கேட்டுத்தான் சேரணும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற ஊரில் 100 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 2007 கோடையில் அது ஓடும் தண்டவாளத்தைப் பழுதுபார்த்ததால் திருப்ப முடியாமல் நிறுத்தியிருந்தார்கள். பூமி சுற்றச் சுற்றத் தலைக்கு மேலே கடந்துபோன வானத்தை அது நின்ற இடத்திலிருந்தே பதிவு செய்தது. அந்தத் தரவில் ஒரு பகுதியை ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் கொடுத்துப் பல்சார் தேடச் சொன்னார்கள். பெரிய நட்சத்திரம் வெடித்த பின் மிஞ்சும் அடர்த்தியான கருதான் நியூட்ரான் நட்சத்திரம்; அது சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பினால் பல்சார். 2012இல் மாணவர்கள் கண்ட ஒரு பல்சார், இன்னொரு நியூட்ரான் நட்சத்திரத்தோடு ஜோடி போட்டிருந்தது, சுற்றி வர 45 நாள். அந்த வகை ஜோடிகளில் அதுவரை தெரிந்தவற்றிலேயே பெரிய சுற்றுப்பாதை அதற்குத்தான். 2015இல் வந்த ஆய்வுக்கட்டுரையில் மாணவர் பெயர்களும் இருக்கின்றன.

எனவே சேர்வதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பையன் அனுப்பும் முடிவை யார் சரிபார்க்கிறார்கள், அது எங்கே போகிறது? பதில் வந்தால் சேர்த்துவிடுங்கள். பரீட்சை மாதத்தில் மட்டும் வேண்டாம்.