பள்ளத்தில் இறங்கியபின் ஸ்டீயரிங் இறுகிவிட்டதா? கேள்வி பதில்

கோவையில் முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் வேலைதான் எனக்குத் தொழில். ஐப்பசி மழை தொடங்கினால் ஒரே மாதிரி கேள்விகள் குவியும். வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, தண்ணி நின்ன பள்ளம் தெரியாம இடது முன்சக்கரம் டமால்னு இறங்கிடுச்சு. அதுலேருந்து ஸ்டீயரிங் கனமா இருக்கு. அலைன்மென்ட் பண்ணியும் சரியாகல. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை தம்பி. வளைந்த பாகத்தை வைத்துக்கொண்டு டோ-வை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் நேராக்கினால் கோளாறு உள்ளேயே ஒளிந்துகொள்ளும். அந்தக் கடையில் கொடுத்த பிரிண்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். இடது கேம்பருக்கும் வலது கேம்பருக்கும் ஒரு டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் ஸ்ட்ரட்டோ (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) நக்கிளோ (சக்கரம் பொருந்தித் திரும்பும் பாகம்) வளைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

முதலில் காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ரிம் விளிம்பு நசுங்கி மெதுவாகக் காற்று இறங்கினாலும் ஸ்டீயரிங் கனக்கும். டயரின் உள்பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் அது தெரியாது.

அது சரியாக இருந்தால் முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியைத் திருப்பி வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் திருப்புங்கள். பவர் உதவி இல்லாததால் கொஞ்சம் கனக்கும், அது இயல்பு. ஒரே சீராகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு இடத்தில் மட்டும் இறுகிப் பிடித்தால், ராக்கின் (ஸ்டீயரிங் திருப்பும்போது இடதும் வலதும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பாகம்) தண்டு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முழுக்கவே இறுக்கம் என்றால், இரண்டு பக்கமும் டை ராட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்டை நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி திருப்ப வேண்டும். இப்போது லேசாகிவிட்டால் ராக் நல்லது. கோளாறு சக்கரத்தின் பக்கம். ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) கையால் இடதும் வலதும் ஆட்டினால், கீழே லோயர் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட் இறுகியதா, மேலே ஸ்ட்ரட்டைச் சுழலவிடும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகியதா என்று பிடிபடும். கழற்றியும் கனம் குறையவில்லை என்றால் ராக், அல்லது ஸ்டீயரிங் வளையத்திலிருந்து ராக்குக்கு இறங்கும் தண்டின் (காலம் ஷாஃப்ட்) மடங்கும் இணைப்பு, அதாவது கிராஸ் ஜாயின்ட். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் ராக்கை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சியிலிருந்து: எனக்கு ஸ்டீயரிங் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரியுது.

ஏபிஎஸ் என்பது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது. அதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் ஓடும் வேக சென்சார் வயரைப் பாருங்கள். அடிபட்டதில் அறுந்திருக்கலாம், சாக்கெட் கழன்றிருக்கலாம். சில கார்களில் வேகத் தகவல் வராவிட்டால் ஸ்டீயரிங் மோட்டாரும் உதவியை நிறுத்திவிடும். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா நேருக்கு வரமாட்டேங்குது. திருப்பும்போது 'டொய்ங்'னு சத்தம்.

அந்தச் சத்தமே ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்தான் என்று சொல்கிறது. பேரிங் சுழலாமல் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு துள்ளி விடுபடுகிறது. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சீராகச் சுழலாமல் குதிக்கும். சுருளுக்கு நடுவே விரல் வைக்காதீர்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பழைய இன்னோவா. நின்ன இடத்துல திருப்பினா கனம், கூடவே ஊளைச் சத்தம்.

அது ஹைட்ராலிக், அதாவது பம்ப் தரும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங். எண்ணெய் குறைந்திருக்கும். ஹோஸ் இணைப்பிலும் ராக்கின் ரப்பர் உறைக்குள்ளும் கசிவு இருக்கிறதா பாருங்கள். எண்ணெய்த் தொட்டி மூடியில் குறிப்பிட்ட எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். ஊளையோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்பும் போய்விடும்.

சேலத்திலிருந்து: டை ராட் வளைஞ்சிருக்கு. சூடு பண்ணி நிமித்தினா 200 ரூபாய்ல முடிஞ்சுடும்னு மெக்கானிக் சொல்றார்.

வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சூடு காட்டிய இரும்பு பழைய வலுவை இழந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். அது உடைந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் போக்கில் போகும். டை ராட், லோயர் ஆர்ம் இரண்டையுமே புதிதாகத்தான் போட வேண்டும். செலவைக் குறைக்க வேறு எங்காவது வழி பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. முழு பாலிசி என்றால் கேட்கலாம். டயர் மட்டும் கெட்டிருந்தால் பொதுவாகத் தரமாட்டார்கள். காரும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதிவரை. 1500 சிசி வரையிலான காருக்கு கட்டாயப் பிடித்தம், அதாவது நீங்கள் கைக்காசாகத் தர வேண்டியது, 1000 ரூபாய். பள்ளத்தையும் சக்கரத்தையும் அங்கேயே போட்டோ எடுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்முன் எதையும் கழற்றாதீர்கள்.

மதுரையிலிருந்து: சார், இப்பதான் அடிபட்டுச்சு. மெதுவா திருநெல்வேலி வரைக்கும் போயிடலாமா?

ஸ்டீயரிங் ஒரு இடத்தில் பிடிக்கிறது, அல்லது நேராகப் போகும்போது வளையம் கோணலாக நிற்கிறது, அல்லது கடக் கடக் என்று சத்தம் என்றால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள். நான்கு வழிச் சாலை வேகத்தில் பால் ஜாயின்ட் கழன்றால் பிடித்து நிறுத்த முடியாது. ஓரமாக நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் லைட் போட்டு, குடும்பத்தைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.