ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஆஸ்டியோபதி செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். இப்போது இடது தோளும் கழுத்தும் வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்குகிறது. துபாயில் இருக்கும் அண்ணன் ஆஸ்டியோபதி பார்க்கச் சொல்கிறான். பக்கத்து டவுனில் ஒரு சென்டரில் 12 சிட்டிங் எடுத்தால் ரத்த ஓட்டம் சீராகும், மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார்கள். போகலாமா சார்?

பதில்: தங்கச்சி, தோள்வலிக்காக என்றால் யோசிக்கலாம், அதுவும் இதய டாக்டர் பார்த்த பிறகு. மாத்திரையைக் குறைப்பதற்காக என்றால் அந்தப் படியே ஏறவேண்டாம். நானும் கையை வைத்துப் பிழைக்கிற பிசியோதெரபிஸ்ட்தான், நாகர்கோவிலில் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை, அதனால் அடுத்தவர் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று நினைக்கவேண்டாம்.

ஆஸ்டியோபதி என்பது எலும்பு, மூட்டு, தசையைக் கையால் அழுத்தி, நீட்டி, அசைத்துச் செய்கிற சிகிச்சை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் 1874-ல் தொடங்கிவைத்தது. எலும்பு விலகினால் ரத்த ஓட்டம் தடைபடும், ஓட்டம் சரியானால் நோய் போகும் என்பது அவர் எண்ணம், 'ரத்த ஓட்டம் சீராகும்' என்கிற பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு பிரஷர் மாத்திரையும் இல்லை, ஸ்டென்ட்டும் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதயக் குழாய் அடைப்பு என்பது குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து வருடக்கணக்கில் தடிப்பது. முதுகை எவ்வளவு அழுத்தினாலும் அது கரையாது. படுக்கவைத்து நிதானமாகத் தடவினால் பிரஷர் கொஞ்ச நேரம் இறங்கும், தூங்கும்போதும்தான் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து அளந்து, 'பாருங்கள், குறைந்துவிட்டது' என்று காட்டுவார்கள். மறுநாள் காலையில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அண்ணன் சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் முழு டாக்டர், மருந்து எழுதுவார், ஆபரேஷனும் செய்வார். இங்கிலாந்தில் 1993-ல் இதற்கென்று சட்டமே போட்டார்கள், அங்கே அவர் பதிவு பெற்ற கைச்சிகிச்சை நிபுணர். நம் நாட்டில் சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு இருப்பது மாதிரி இதற்குத் தனிக் கவுன்சில் பதிவு கிடையாது. ஆகவே நான்கு வருடம் படித்தவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமை படித்தவரும் ஒரே மாதிரி போர்டு வைக்கலாம், கேட்க ஆளில்லை. புகார் கொண்டுபோனால் 'இது எங்கள் செக்ஷன் இல்லை' என்று மேஜை மேஜையாக அலையவிடுவார்கள், நானே அலைந்திருக்கிறேன்.

இந்த 12 சிட்டிங் கணக்கு இருக்கிறதே, அது நோயைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடி, ஆள் கூட்டிவந்தால் கமிஷன், கூட்டிவருகிறவர் உறவுக்காரராகவே இருப்பார், 'எனக்கு நல்லா கேட்டுது மக்கா' என்பார். என்னிடம் ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. அப்பா மேல் கை வைக்கும் முன் அந்த சென்டர்காரர் அப்பாவின் மருந்துச் சீட்டைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹார்ட் அட்டாக்குக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கிற இன்னொரு மாத்திரையும் பொதுவாக ஒரு வருடம் சாப்பிடவேண்டும். அப்பாவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி இன்னொரு அட்டாக் வரலாம். அதே மாத்திரையால் முரட்டுத்தனமாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கசியும். கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கவே கூடாது, சலூனிலும் கூடாது. கழுத்துக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் குழாய் ஏற்கெனவே கெட்டிருப்பவருக்கு எதற்கு அந்தப் பரீட்சை? எனக்குத் தெரிந்த வர்ம ஆசான் ஒருவர் இருக்கிறார், ஸ்டென்ட் என்று காதில் விழுந்தாலே எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிடுவார். அவரிடம் சர்டிபிகேட் கிடையாது, புத்தி இருக்கிறது.

அடுத்து தோள்வலி. பால்வெட்டுகிறவருக்கு இதில் ஒரு சிக்கல். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து மரம் மரமாகக் கத்தி இழுப்பவருக்குத் தோள் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது வலி வந்து, உட்கார்ந்தால் போகிறது என்றால் அது இதயமாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, ஈசிஜி எடுத்துப் பார்க்கட்டும். அதுவரை மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடவேண்டாம், அட்டாக் வந்த இதயத்துக்கு அது ஆகாது. வேர்வையோடு நெஞ்சு இறுகினால் 108, அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.

கால் வீக்கத்துக்கு முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். அம்லோடிபின் என்று இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம், பிரஷருக்குக் கொடுக்கிற அந்த மாத்திரையில் இரண்டு கணுக்காலும் வீங்குவது சாதாரணம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றுவார், நீங்களாக நிறுத்தவேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அன்றைக்கே போகவேண்டும். இரண்டு காலுக்கு இவ்வளவுதான். ஒரு கால் மட்டும் வீங்கினால் கதையே வேறு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் பருத்து, சூடாக, தொட்டால் வலித்தால் உள்ளே இருக்கிற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தடவக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, பேரனை மிதிக்கச் சொல்லக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவும் கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

ரத்த ஓட்டத்துக்கு என்று ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், டாக்டர் சரி என்ற பிறகு தினமும் அரை மணி நேரம் நடை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே இலையில் வேண்டாம். பீடி இருந்தால் அது முதலில் போகட்டும். பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிற மாதிரி அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொள்ளலாம், தேவைப்படுகிறவர்களுக்கு அதில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும்.

டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் போங்கள், முடியாவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கால் ஏன் வீங்குகிறது, தோள்வலி இதயத்தால் வருகிறதா, பிசியோ தொடங்கலாமா, இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் உள்ளே கிடைக்கிற மூன்று நிமிடத்தில் மறந்துபோகும். தொடங்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிசியோவிடம் போங்கள், என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை.