சபைக்குள் போன தங்கையை எப்படி வெளியே கொண்டுவருவது?

"என் தங்கை ஒரு சபைக்குள் முழுதாகப் போய்விட்டாள், வீட்டாரோடு கதைப்பதே இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டு வருடம் அப்படி ஒரு குழுவுக்குள் இருந்து 2018இல் வெளியே வந்தவள். இப்போது வன்னியில், வெளியே வர நினைப்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் துணையாக நிற்கிறேன்.

2010 கடைசியில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பினோம். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். எனக்கு 14 வயது. அண்ணா 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போயிருந்தார். எங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள் வந்து, அம்மாவின் கையைப் பிடித்து முதலில் அழுதவர்கள் அந்தச் சபைக்காரர்கள்தான். அதை நான் மறைக்க மாட்டேன். பிறகு பாஸ்டர் சொன்னார்: "அம்மா, உங்கட மகன் உயிரோட இருக்கிறான், ஆண்டவர் எனக்குக் காட்டினவர்." அந்த ஒரு சொல்லுக்காக அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.

கட்டுப்பாடுகள் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகக் கூடாது. சரி, போகவில்லை. அப்புறம், பெரியப்பா செத்த பிறகு செய்த அந்திரட்டிச் சடங்குக்கும் போகக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு கிழமையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும்: எங்கே போனாய், யாரோடு கதைத்தாய், வீட்டில் யார் என்ன சொன்னார்கள். நுண்கடன் எடுத்த காசிலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கேட்டார்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சபை அதற்குப் போகத் தடை போட்டது. ஆண்டவர் வாக்குக் கொடுத்த பிறகு தெருவில் போய்க் கேட்பது அவிசுவாசமாம். அம்மா ஒருநாள் சந்தைக்கு என்று சொல்லி பஸ் ஏறிப் போய், அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருந்துவிட்டு வந்தார். அதை நான் கொப்பியில் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவை எழுப்பி எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அம்மா சந்தைப் பையின் காதை இரண்டு கையாலும் முறுக்கியபடி நின்றார். பைக்குள் அண்ணாவின் படம் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனம் வெளியே வந்தது அன்றுதான். உடம்பு வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஏன் என்றால் போக இடமில்லை. தையல் மெஷின் அவர்களுடையது, கூட்டாளிகள் எல்லாரும் அவர்கள்.

போக இடம் தந்தது சின்னம்மா. எட்டு வருடமும் மாதம் ஒருக்கா புழுக்கொடியல் கொண்டு வருவா. வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவா. சபையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. ஓர் இரவு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது அவவின் வீட்டுக்குத்தான். ஆறு மாதம் கழித்து அம்மாவும் வந்தார்.

அமெரிக்காவில் 1970களில் மூனிகள் என்ற குழுவுக்குள் இருந்து வெளியே வந்த ஸ்டீவன் ஹாசன், இப்படியான பிடியை நாலாகப் பிரிக்கிறார்: நடத்தை, தகவல், சிந்தனை, உணர்ச்சி. அதை வாசித்தபோது எனக்கு அந்தக் கொப்பிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இதில் எந்த மதம் என்பது பெரிய விஷயமே இல்லை. நான் துணை நின்ற இரண்டு குடும்பங்கள் ஒரு சாமியாரிடம் இருந்து வந்தவர்கள்.

எங்கள் வேலை பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைதான். பறிபோன அடையாள அட்டைக்காகக் கிராம சேவகரிடம் கூடப் போவது, வேலை தேடிக் கொடுப்பது, முதல் மாதங்களில் இரவில் பயம் வரும்போது போனில் இருப்பது. நித்திரையே இல்லை என்றால் 1926க்கு எடுக்கச் சொல்வோம், அது தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளைகள் அடிபட்டால் 1929.

ஊர்ப் பெடியளைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தை உடைப்போம் என்று வருபவர்களை நான் கடுமையாகத் தடுப்பேன். நாங்கள் உள்ளே இருந்தபோது ஒருமுறை கல்லெறிந்தார்கள். "உலகம் உங்களைப் பகைக்கும் என்று சொன்னேனே" என்றார் பாஸ்டர். போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அன்றோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்கள். விரும்பிய மதத்தை ஏற்றுக்கொள்ளும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. விட்டு வரும் உரிமையும் அதற்குள்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதை உங்கள் தங்கையிடம் இப்போது வாதாட வேண்டாம்.

அவளுக்குப் பிடித்த சாப்பாடு ஏதாவது செய்து கொண்டு போங்கள். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதமும் போங்கள்.