படகு வரை வந்து கழன்றுபோகிற கிராப்பி

கேள்வி: அண்ணா, நான் டென்னசியில் இருக்கிறேன். இரண்டு வருடமாக கிராப்பி என்ற நன்னீர் மீனுக்கு ஜிக் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) போடுகிறேன். 1/32 அவுன்ஸ் தலை, எண் 8 முள், 6 பவுண்டு நரம்பு (தூண்டில் இழை). மீன் நன்றாகத்தான் கொத்துகிறது. ஆனால் பத்துக் கொத்துக்கு மூன்றோ நான்கோதான் படகுக்குள் வருகிறது. பாதி கொத்தும்போதே தப்பிவிடுகிறது, மீதி படகுப் பக்கம் வந்து தலையை ஆட்டியதும் கழன்றுவிடுகிறது. பெரிய மீன்தான் அதிகம் போகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: இரண்டு விதமாகப் போகிறது என்று நீங்களே பிரித்துச் சொன்னது நல்லது, ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் வேறு. கொத்தும்போதே தப்பினால் முள்ளைப் பாருங்கள். படகு வரை வந்து போனால் உங்கள் கையைப் பாருங்கள்.

முதலில் மீனின் வாயைப் பார்த்துவிடுவோம். அடுத்த முறை ஒரு கிராப்பி கிடைத்ததும் கீழ்த்தாடையைப் பிடித்து வாயை முழுதாகத் திறந்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மேல் உதட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு சவ்வு விரியும், வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, அதன் வழியே வெளிச்சம் தெரியும். அமெரிக்காவில் இதற்குப் பேப்பர்மவுத், அதாவது காகித வாய், என்று பட்டப்பெயர் வைத்ததே அதைப் பார்த்துத்தான். அந்தச் சவ்வில் முள் ஏறினால், இழுக்க இழுக்க ஓட்டை பெரிதாகும், நரம்பு ஒரு நொடி தளர்ந்தால் முள் தானாக விழுந்துவிடும். ஆனால் மேல் உதட்டின் விளிம்பும் வாயின் மேற்கூரையும் கெட்டி. அங்கே ஏறிய முள் சுலபத்தில் கழலாது. நாம் செய்வதெல்லாம் முள்ளை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத்தான்.

இப்போது முள். எண் 8 கிராப்பிக்குச் சிறியது. முள்ளில் எண் கூடக் கூட அளவு குறையும் என்பது தெரிந்திருக்கும், எண் 4-க்கு வாருங்கள், பெரிய மீன் இருக்கும் ஏரியென்றால் எண் 2 கூடப் போடலாம். கிராப்பியின் வாய் நாம் நினைப்பதைவிடப் பெரியது. எண் 8 முள்ளில் இரண்டு அங்குல பிளாஸ்டிக் இரை மாட்டினால் முள்ளின் வாயில் (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்) பாதிக்கு மேல் பிளாஸ்டிக்கே அடைத்துக்கொள்ளும், அப்புறம் மீனைப் பிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னொரு வேலை இருக்கிறது, அதை நான் ஒவ்வொரு ஜிக்கிலும் செய்கிறேன். ஜிக்கை நரம்பில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். நரம்பு மேலே போகிறது, முள்ளின் முனையோ முன்னால், ஈயத்தலையைப் பார்த்துப் படுத்திருக்கிறது. நீங்கள் மேலே தூக்கும்போது முனை வாயின் கூரையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட நிறைய வாய்ப்பு. அதனால் மூக்கு நீண்ட பிளையரால் முனைக்குக் கீழே, வளைவு தொடங்கும் இடத்தில் பிடித்து, முனையை மெதுவாக வெளிப்பக்கம் திறந்து விடுங்கள். எவ்வளவு? ஒரு தீக்குச்சி கனம், அவ்வளவுதான். நுனியைப் பிளையரில் பிடிக்காதீர்கள், மழுங்கிவிடும். ஒரே தடவையில் நிதானமாக வளையுங்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் கம்பி களைத்துப்போய் மீன் வரும் நேரத்தில் ஒடியும். இந்த ஒரு தீக்குச்சி இடைவெளி கொத்துக்கும் பிடிக்கும் நடுவே செய்கிற வித்தியாசத்தை ஒரு காலையிலேயே பார்த்துவிடுவீர்கள்.

மெல்லிய கம்பியில் செய்த ஆபர்டீன் வகை முள்ளாக இருந்தால் இன்னும் நல்லது. சுலபமாக உள்ளே ஏறும், தண்ணீருக்கடியில் கிளையில் மாட்டினால் நிதானமாக இழுக்க வளைந்து கொடுத்து வெளியே வந்துவிடும், ஜிக் மிஞ்சும். ஆனால் அப்படி வளைந்ததை இரண்டு மூன்று தடவைக்கு மேல் நிமிர்த்திப் போடாதீர்கள்.

கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகமே போதும். முனையை நகத்தின் மேல் லேசாகச் சாய்த்து இழுங்கள். பற்றிக்கொண்டு நின்றால் சரி, வழுக்கினால் தீட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கல்லிலோ மரத்திலோ உரசிய ஒவ்வொரு முறையும் பாருங்கள். புது பாக்கெட்டிலிருந்து எடுத்ததையும்தான் சொல்கிறேன்.

அடுத்தது கை. நான் பல வருடம் பாஸ் மீன் பிடித்துவிட்டு கிராப்பிக்கு வந்தவன். பாஸுக்கு ராடை (தூண்டில் கோலை) தோளுக்கு மேலே வீசி வெட்டி இழுக்கிற பழக்கம், அதையே இங்கேயும் செய்துகொண்டிருந்தேன். முதல் வசந்தகாலம் முழுக்க மீன் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலி ஜிக்கை ரீலில் சுற்றிக் கையில் எடுத்தால், முள்முனையில் கண்ணாடிக் காகிதம் போல ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மீனின் வாயைக் கிழித்திருக்கிறேன். அன்றைக்கு மனசு கஷ்டப்பட்டது, மீன் போனதற்காக மட்டும் இல்லை. அதோடு அந்த வீச்சை விட்டேன்.

கிராப்பிக்கு மணிக்கட்டு போதும். டிக் என்று தெரிந்ததும் ராடு நுனியை ஓர் அடி அளவுக்கு மேலே வெடுக்கென்று தூக்குங்கள், அங்கேயே நிறுத்தி, அழுத்தம் விடாமல் சுற்றத் தொடங்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முள் ஓரச் சவ்வுக்குப் போகும், மேலே தூக்கினால் கூரைக்குப் போகும். அதனால் எப்போதும் மேலே.

எல்லாக் கொத்தும் டிக் என்று தெரியாது. கிராப்பி கீழிருந்து மேலே வந்து இரையை வாய்க்குள் உறிஞ்சும், உறிஞ்சிக்கொண்டே மேலே நீந்தினால் ஜிக்கின் பாரம் காணாமல் போய் நரம்பு தளர்ந்து நிற்கும். பலர் இதைக் கொத்து என்றே எடுத்துக்கொள்வதில்லை. பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். நரம்பு தளர்ந்தாலோ, பக்கமாக நகர்ந்தாலோ, கீழே போக வேண்டிய ஜிக் நடுவில் நின்றாலோ, யோசிக்காமல் தூக்குங்கள்.

படகுப் பக்கத்தில் போவதற்கு: டிராக்கை (நரம்பு வெளியே போவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை) தளர்த்தி வையுங்கள், கையால் நரம்பை இழுத்தால் சிரமமில்லாமல் வெளியே வர வேண்டும். ராடை வளைந்தபடியே வைத்திருங்கள். மீனை நரம்பில் தூக்கிப் படகுக்குள் போடாதீர்கள். தண்ணீரில் இருக்கும்வரை அதன் எடையைத் தண்ணீர் சுமக்கிறது, வெளியே தூக்கிய கணத்தில் முழு எடையும் அந்தச் சவ்வில் தொங்கும். உங்கள் பெரிய மீன்கள் பலவும் அப்படித்தான் போயிருக்கும். நீண்ட கைப்பிடி உள்ள கைவலை ஒன்று வாங்கிவிடுங்கள், தலைப்பக்கமாக அள்ளுங்கள்.

கேள்வி: பின்னல் நரம்பு போட்டால் கொத்து நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். ஆனால் மாற்றியதிலிருந்து எனக்கு மீன் அதிகமாகக் கழல்கிறது. – மிசிசிப்பியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டுமே உண்மை. பின்னல் நரம்பு நீளாது, அதனால் கொத்து தெரியும், அதே காரணத்தால் உங்கள் கை செய்கிற ஒவ்வொரு வேகமும் குறையாமல் மீனின் வாய்க்குப் போய்ச் சேரும். சாதாரண நைலான் நரம்பு கொஞ்சம் நீண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆழத்தில் போடுவதாக இருந்தால் பின்னலையே வைத்துக்கொண்டு நுனி மெத்தென்று வளைகிற ராடுக்கு மாறுங்கள், தூக்குவதையும் பாதியாகக் குறையுங்கள். பத்தடிக்குள் என்றால் 6 பவுண்டு நைலானே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: என் ஜிக் தலை குப்புறத் தொங்குகிறது, சில நேரம் வானம் பார்த்து நிற்கிறது. முடிச்சில் தவறா?

பதில்: தவறில்லை, நகர்ந்திருக்கிறது. நரம்பு கட்டுகிற ஜிக்கின் கண் வளையத்தில் முடிச்சை விரலால் நகர்த்தி ஜிக் படுக்கைவாக்கில் நிற்கிற இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சு நகரும், ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டும். சின்ன மீன் படுக்கைவாக்கில்தான் நீந்தும், குப்புறத் தொங்கும் இரையைக் கிராப்பி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயரில் ஈய ஜிக் கூடாதாமே? வேறு உலோகத் தலை போட்டால் மீன் பிடிபடுவது குறையுமா?

பதில்: ஆமாம், அங்கே 1 அவுன்ஸும் அதற்குக் கீழும் உள்ள ஈய ஜிக், ஈயக்குண்டு இரண்டுக்கும் தடை. லூன் பறவைகள் அவற்றை விழுங்கி ஈய விஷத்தால் சாகின்றன. கிராப்பி ஜிக் எல்லாமே அந்த அளவுக்குள் வந்துவிடும். டங்ஸ்டன் தலை வாங்குங்கள், விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3, அதனால் அதே எடைக்குத் தலை சிறிதாக இருக்கும். தலை சிறிதானால் முள்ளின் வாய் இன்னும் திறந்து கிடைக்கும், பிடிபடுவது குறையாது.