வாசகர் கேள்வி-பதில்: ஹப் மோட்டாரில் ஃபீல்டு வீக்கனிங்

கேள்வி: 48 வோல்ட் மின்ஸ்கூட்டரின் ஹப் மோட்டாருக்கு கன்ட்ரோலர் மென்பொருள் எழுதுகிறேன். காந்தப் பிணைப்பு 0.015 வெபர், இண்டக்டன்ஸ் 150 மைக்ரோஹென்றி, 23 துருவ ஜோடி. ரோட்டரின் மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய மோட்டாருக்கு ஃபீல்டு வீக்கனிங் (எதிர் மின்னோட்டத்தால் காந்தப்புலத்தைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டுவது) பயன்படாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பயன்படும், ஆனால் கையைக் கடிக்கும். காந்தத்தின் ஊடுருவுதிறன் ஏறக்குறைய காற்றுக்குச் சமம். அதனால் காற்றிடைவெளி அகன்றதுபோல் ஆகி இண்டக்டன்ஸ் குறைகிறது. புலத்தைத் தளர்த்த டி அச்சில் (காந்தப்புலத்தின் திசை; திருப்புவிசை தருவது அதற்குச் செங்குத்தான கியூ அச்சு) எதிர் மின்னோட்டம் நிறைய வேண்டும். அந்த மின்னோட்டத்தால் திருப்புவிசை துளியும் அதிகரிக்காது.

கணக்குப் பாருங்கள். ஃபேஸுக்குக் கிடைக்கும் உச்சம் 48/√3, அதாவது 27.7 வோல்ட். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் இந்த உச்சத்தை எட்டும் வேகம்தான் எல்லை: 0.015ஆல் வகுத்தால் விநாடிக்கு 1,847 மின்ரேடியன் (சக்கரத்தின் வேகம் × துருவ ஜோடி). சக்கரத்தில் சுமார் 767 ஆர்பிஎம். சுமையே இல்லாவிட்டாலும் அதுதான் எல்லை. இதற்குமேல் 20% வேண்டுமென்றால், கியூ அச்சில் 15 ஆம்பியர் ஓடும்போது டி அச்சில் −18 ஆம்பியர் தேவை (ரெசிஸ்டன்ஸைச் சேர்க்கவில்லை). செம்பு இழப்பு 2.4 மடங்காகும். மூடிய ஹப்பில் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. சூடேறிய காந்தத்தின் மீது எதிர்ப்புலமும் சேர்ந்தால் காந்தத்தன்மை நிரந்தரமாகவே குறையக்கூடும். 20 சதவீதத்தைத் தாண்டி ஆசைப்படுபவர் பேட்டரி வோல்டேஜை உயர்த்துவதே மேல்.

வோல்டேஜ் வெக்டரின் அளவு வரம்பில் 95 சதவீதத்தைத் தொட்டதும், மென்பொருளில் ஓர் இன்டெக்ரேட்டர் (பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) டி மின்னோட்டத்தை எதிர்த்திசையில் நகர்த்தட்டும். அதை 0, −20 ஆம்பியருக்குள் கட்டிவையுங்கள். மொத்த வரம்பில் மிஞ்சியதுதான் கியூவுக்கு. 95க்குப் பதில் 100 சதவீதம் என வைத்தால் கரண்ட் லூப்புக்கு (மின்னோட்டத்தை அளந்து திருத்தும் சுற்று) அசைய இடமிருக்காது, இரண்டு மின்னோட்டமும் கைநழுவும். பலரும் கோட்டைவிடுவது தாமதத்தில்: 16 கிலோஹெர்ட்ஸ் சுவிட்ச்சிங்கில் ஒன்றரை சைக்கிள் என்பது 94 மைக்ரோவிநாடி, 20% கூட்டிய 2,216 மின்ரேடியன் வேகத்தில் அதுவே 12 டிகிரி. வெளியீட்டுக் கோணத்தில் இதை முன்கூட்டிச் சேர்க்காவிட்டால் டி, கியூ ஒன்றோடொன்று கலந்து லூப் ஊசலாடும்.

கேள்வி: அந்த வேகத்தில் கன்ட்ரோலர் திடீரென அணைந்தால்?

பதில்: 20% கூட்டிய வேகத்தில் மோட்டார் தானே உண்டாக்கும் லைன் வோல்டேஜின் உச்சம் 57.6 வோல்ட். 13 செல் பேட்டரி முழு சார்ஜிலும் 54.6 தான், ஆகவே கன்ட்ரோலரின் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளின் டயோடுகள் வழியே பேட்டரிக்குள் மின்னோட்டம் பாயும், சக்கரம் தானாகப் பிரேக் பிடிக்கும். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சுற்று) துண்டித்துவிட்டால் கன்ட்ரோலரின் பஸ் (டிசி மின்வழி) வோல்டேஜ் 57.6 வரை ஏறும்; 63 வோல்ட் கெப்பாசிட்டர் மயிரிழையில் தாங்கும். 50% கூட்டியிருந்தால் 72 வோல்ட், கெப்பாசிட்டர் காலி. 100 வோல்ட் பாகங்களே போடுங்கள். இறக்கத்தில் திராட்டிலை விட்டதும் டி மின்னோட்டத்தை நிறுத்தினாலும் இதே கதைதான். வேகம் எல்லைக்குள் இறங்கும்வரை டி மின்னோட்டம் ஓடட்டும்.