மழையிலயும் மார்கழியிலயும் வேட்டை நாய்: கேள்வி பதில்

மழை ஆரம்பிச்சதுல இருந்து சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்னு நம்ம நாட்டு வேட்டை நாய் வச்சிருக்கிறவங்க கேட்ட கேள்விகளுக்கு இங்க மொத்தமாப் பதில் சொல்லுதேன். நான் டாக்டர் இல்ல. அப்பா காலத்துல இருந்து வீட்டுல கன்னி வளர்க்கோம், அவ்வளவுதான். மருந்து, ஊசி விஷயத்துக்கு டாக்டரைத்தான் பாக்கணும்.

பாளையங்கோட்டையில இருந்து: அண்ணாச்சி, எங்க சிப்பிப்பாறைக்கு ஒன்றரை வயசு. மார்கழி பிறந்ததுல இருந்து காலைல எந்திரிச்சதும் நடுங்குது. ஸ்வெட்டர் வாங்கிப் போடணுமா?

போடலாம். ஆனா அதுக்கு முன்னால அது ராத்திரி எங்க படுக்குதுன்னு பாருங்க. பாளையங்கோட்டையில மார்கழி ராத்திரின்னா 21, 22 டிகிரி இருக்கும். காய்ஞ்ச இடத்துல, காத்து படாம சுருண்டு படுத்த நாயை அந்தக் குளிர் ஒண்ணும் செய்யாது. ஆனா சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தோலோட ஒட்டுன ஒத்தை முடிதான். லேப்ரடார் சட்டைக்குள்ள பனியனும் போட்டிருக்கு, நம்ம நாய் வெறும் சட்டையோட நிக்குது. தோலுக்கடியில கொழுப்பும் கிடையாது. நனைஞ்சாலோ, நனைஞ்ச மேல்ல காத்து அடிச்சாலோ, வெறுந்தரையில கிடந்தாலோ உடம்புச் சூடு மளமளன்னு இறங்கிரும். நம்ம ஊர்ல நாய் கெடுறது குளிரால இல்ல, ஈரத்தால. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதிக் கேள்விக்குப் பதில் தானா வந்துரும்.

உங்க நாய் போர்டிகோ டைல்ஸ்ல படுக்குதுன்னு நினைக்கேன். முன்னங்கால் முட்டியைத் தடவிப் பாருங்க. முடி கொட்டி, தோல் காய்ச்சுப் போயிருந்தா தரைதான் காரணம். சில நாய்க்கு அந்த இடத்துல நீர் கோத்து வீங்கவும் செய்யும். ஊசி போட்டு நீரை இழுக்க அவசரப்படாதீங்க, முதல்ல மெத்துன்னு படுக்கை போடுங்க. இன்னொண்ணு, வெயில் ஏறுன பிறகும் நடுங்குது, சோறு தொடலைன்னா அது குளிர் நடுக்கம் இல்ல. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். ரத்தம் பாக்கணும்.

தென்காசிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர்: தம்பி, தோட்டத்துல காவலுக்கு ரெண்டு கன்னி கிடக்கு. தகரக் கூண்டு செஞ்சு போட்டிருக்கேன். சாரல் காலத்துலயும் உள்ள போக மாட்டேங்குது, அடை மழையிலயும் போக மாட்டேங்குது. வெளியவே நனைஞ்சு கிடக்கு. என்ன செய்ய?

ஐயா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு அந்தக் கூண்டுக்குள்ள கையை விட்டு மேல் தகரத்தைத் தடவிப் பாருங்க. சொட்டச் சொட்ட வேர்த்திருக்கும். நாய் மூச்சு விடுற ஆவி தகரத்துல பட்டுத் தண்ணியாகி, அதோட முதுகுலயே விழுது. பிறகு எப்படி உள்ள போகும்? தகரத்தை எடுக்க வேண்டாம், அதுக்குக் கீழ பனை ஓலை ஒரு வரிசை கட்டி விடுங்க. ஓலை மட்டும் வச்சுக் கட்டுனா இன்னும் நல்லது. எங்க வீட்டுல அப்படித்தான்.

அடுத்தது வாசல். ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்குல இருந்து சாய்ஞ்சு அடிக்கும். ஆனி ஆடியில உங்க பக்கம் மேக்காத்து சாரலைத் தூக்கிட்டு வரும். ரெண்டுக்கும் தப்பிக்கணும்னா வாசல் தெக்குப் பாத்து இருக்கணும். கூண்டைத் திருப்பி வைக்க ஒரு ஆள் கூலிதான் செலவு.

அளவுலயும் நிறையப் பேர் கோட்டை விடுதாங்க. நாய் பெருசுன்னு ரூம் மாதிரி கட்டிருதாங்க. நாய் தன் உடம்புச் சூட்டால அந்த இடத்தைச் சூடாக்கணும். எந்திரிச்சு நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், அதுக்குமேல இடம் வேண்டாம். ஒரு கன்னிக்கு நாலடி நீளம், ரெண்டரை அடி அகலம், மூணடி உயரம் தாராளம். அடியில செங்கல் அடுக்கி அரையடி தூக்கி, மேல பலகை போடுங்க. பழைய கதவுப் பலகை கிடந்தா அதுவே போதும். வாசல்ல ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்குக் கட்டை அடிச்சா வைக்கோல் வெளிய வராது, தரைக் காத்தும் ஏறாது. வாசலுக்குச் சாக்குப் படுதா. ரெண்டு நாய்க்கும் சேத்து ஒரே கூண்டு வேண்டாம். சேந்து படுக்குற நாய் சேந்து படுக்கும், ஆனா ஒண்ணு அதட்டுற நாயா இருந்தா மத்தது மழையிலதான் நிக்கும். உங்க கூண்டுல அதுவும் நடக்குதான்னு பாத்துக்கோங்க.

அம்பாசமுத்திரத்துல இருந்து: படுக்கைக்குச் சாக்கு நல்லதா, கம்பளி நல்லதா?

வைக்கோல். சாக்கும் கம்பளியும் ஒரு தடவை நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது, நாய் அந்த ஈரத்துலயே கிடக்கும். வைக்கோல்ல தண்ணி கீழ இறங்கிரும், நாய் உள்ள பொதிஞ்சு படுத்துக்கும். உங்களுக்கு வைக்கோலுக்குப் பஞ்சமா என்ன? கையில எடுத்து மோந்து பாருங்க. பூசண வாடை அடிச்சா போடாதீங்க. வாரம் ஒருக்க மாத்தணும், மழை வாரத்துல ரெண்டு தடவை. வீட்டுக்குள்ள படுக்குற நாய்க்குக் கம்பளி சரிதான்.

களக்காட்டுல இருந்து: காவலுக்குன்னு தோட்டத்துல ராத்திரி சங்கிலியில கட்டிப் போடலாமா?

மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு இதைக் கேக்கீங்களே! சிறுத்தை நாயைத் தேடித்தான் கீழ வருது. கட்டிக் கிடக்குற நாய்க்கு ஓடவும் வழியில்ல. ராத்திரி கம்பி வலை போட்ட அடைப்புக்குள்ள விடுங்க, இல்ல வீட்டோட வச்சுக்கோங்க.

மழைக்காலத்துல சமவெளிக்காரங்களுக்கும் இதேதான். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சு. அந்த மாதிரி ராத்திரியில அவிழ்த்து விட்ட நாய் மாடிப்படி ஏறிரும். கட்டிக் கிடந்தா சங்கிலி நீளம்தான் அதோட ஆயுசு. எச்சரிக்கை வந்த அன்னைக்கே சங்கிலியை எடுத்துருங்க. கழுத்துப் பட்டையில போன் நம்பரை அழியாத மையில எழுதி வைங்க.

கயத்தாறுல இருந்து: அண்ணாச்சி, காலைல அஞ்சு மணிக்குக் கரிசக்காட்டுல ஓட விடுதேன். பனி பெய்யுது, பரவாயில்லையா? முயல் எழும்புனா விரட்டவும் செய்யுது, நல்ல பழக்கம்தானே?

முயல் பேச்சுக்கு நான் வரல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குத்தம். நாய்க்குப் பழக்கம் குடுத்தேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது.

ஓட்டத்துக்கு வாரேன். குளிர்ந்த உடம்போட முழு வேகத்துல விட்டா தொடைச்சதை பிடிச்சுக்கும். இந்த நாய்ங்களுக்குப் பாதி வேகமே தெரியாது, அதனால நீங்கதான் பத்து நிமிஷம் வார்ல நடத்திக் கூட்டிட்டுப் போகணும். ஆறரைக்கு மேல, வெளிச்சம் வந்த பிறகு விடுங்க. ஓடி முடிச்சு வரும்போது வயிறும் கால் இடுக்கும் பனித்தண்ணியில ஊறியிருக்கும். முதுகைத் துடைச்சுட்டு விட்டுருதோம், வயித்தை மறந்துருதோம். முடி அங்கதான் ரொம்பக் குறைவு, அங்கதான் முதல்ல துடைக்கணும். கால் விரலுக்கு நடுவுல கரிசல் மண் உருண்டு கெட்டியாகி நிக்கும், கூடவே கருவேல முள்ளு. வெந்நீர்ல கழுவி, விரலை விரிச்சுத் துடைங்க. ஈரத்தோட விட்டா புண்ணாகும். தீனி, ஓட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு. நெஞ்சு ஆழமான நாய்க்கு வயித்தை நிரப்பிட்டு ஓட விட்டா இரைப்பை முறுக்கிக்கிட்டு உயிருக்கே ஆபத்தாயிரும்.

வெள்ளை ராஜபாளையம் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இனத்துல பிறவிச் செவிடு உண்டு. காது கேக்காத நாயைப் பனிமூட்டத்துல ரோட்டுப் பக்கம் வார் இல்லாம விடவே கூடாது.

சேரன்மகாதேவியில இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, கன்னி நேத்து ஏழு குட்டி போட்டிருக்கு. ஒரு குட்டி ஜில்லுன்னு கிடக்கு, பால் குடிக்கல. பால் பாட்டில்ல குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா! முதல்ல சூடு, பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் உள்ள போனாலும் செரிக்காம கெட்டுரும், இல்ல நுரையீரலுக்குப் போயிரும். உங்க நைட்டிக்குள்ள, மேலோட ஒட்டி வச்சுக்கோங்க. அரை மணி, ஒரு மணி நேரம் ஆகட்டும், மெதுவாச் சூடு ஏறணும். வாய்க்குள்ள விரலை வச்சா வெதுவெதுன்னு இருக்கணும், விரலைச் சப்பணும். அப்பம் தாய்க்கிட்ட விடுங்க. முதல் நாள் சீம்பால் எல்லாக் குட்டிக்கும் கிடைச்சாகணும். சப்பலைன்னா காத்திருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

முதல் ரெண்டு மூணு வாரம் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காப்பாத்தத் தெரியாது. முதல் வாரம் குட்டி கிடக்குற இடம் 29ல இருந்து 32 டிகிரி வரைக்கும் இருக்கணும். பெட்டியோட ஒரு மூலையில மட்டும் குண்டு பல்பு தொங்க விடுங்க. மொத்தப் பெட்டியும் சூடானா விலகிப் போக இடம் இருக்காது. குட்டி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தா குளிருது, தனித்தனியா விலகி அனத்துனா சூடு கூடிப்போச்சு. சில வீட்டுல கரி அடுப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்துதாங்க. அந்தப் புகை தாயையும் குட்டியையும் சேத்துக் கொல்லும். உள்ள படுத்தா உங்களையும்தான்.

முக்கூடல்ல இருந்து: கால்வாய்ல விழுந்து ரொம்ப நேரம் கிடந்த நாய் விறைச்சுப் போச்சுன்னா வீட்டுல என்ன செய்யணும்?

மெடிக்கல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நாய்க்குன்னு தனியா வச்சுக்கோங்க. நுனியில தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில ஒரு இஞ்ச் விடணும். வளந்த நாய்க்கு 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் சரி. 99க்குக் கீழ போனா சூடு ஏத்தணும். 96, 95ன்னு இறங்குனா வண்டியைப் பிடிங்க. திருநெல்வேலிக்குப் பக்கத்துல ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

போற வழியிலயே செய்யுறது: நல்லாத் துடைச்சு, காய்ஞ்ச போர்வையில சுத்துங்க. வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுருட்டி நெஞ்சுப் பக்கமும் தொடை இடுக்குலயும் வைங்க. காலைச் சூடு பறக்கத் தேய்க்காதீங்க, உடம்புதான் முதல்ல சூடாகணும். நடுங்குற நாயைப் பாத்துப் பயப்படாதீங்க. நனைஞ்சு குளிர்ந்த நாய் நடுங்குறதை நிறுத்திட்டு, கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காமக் கிடந்தா அப்பம்தான் பயப்படணும். பிராந்தி ஊத்துறது பெரிய பைத்தியக்காரத்தனம். சாராயம் சூடு குடுக்காது, இருக்குற சூட்டையும் இறக்கிரும்.

வள்ளியூர்ல இருந்து: சளி பிடிச்சா தைலம் தேய்க்கலாமா? காய்ச்சல் மாத்திரை? நல்லெண்ணெய்?

மூணும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தை நக்குனா விஷம். நம்ம காய்ச்சல் மாத்திரை ஈரலைக் கெடுக்கும். எண்ணெய் தேய்ச்சா நக்கி நக்கிக் கழிச்சல்தான் மிச்சம்.

பேட்டையில இருந்து: கார்த்திகையில கருத்தடை ஆபரேஷன் வச்சிருக்கோம், தள்ளிப் போடணுமா?

வேண்டாம். ஆனா டாக்டர்கிட்ட இது வேட்டை நாய் இனம்னு முன்கூட்டியே சொல்லுங்க. கொழுப்பில்லாத இந்த உடம்புல சில மயக்க மருந்து இறங்க நேரமாகும், மயக்கத்துல கிடக்கும்போது சூடும் வேகமாப் போகும். கையில ஒரு போர்வையும் வெந்நீர் பாட்டிலும் கொண்டு போங்க, ஸ்டீல் மேஜையில வெறுமனே கிடத்த விடாதீங்க.

டெல்லியில வேலை பாக்குற நம்ம ஊர்க்காரர்: ஊர்ல இருந்து கன்னிக்குட்டி கொண்டு வரலாமா அண்ணாச்சி?

ஜனவரியில அங்க 4, 5 டிகிரிக்கு இறங்குது. ராத்திரி வீட்டுக்குள்ள படுக்க இடம் இருந்தா கொண்டு போங்க, பால்கனிதான்னா வேண்டாம். அங்கதான் ஸ்வெட்டருக்கு வேலை. நெஞ்சும் வயிறும் மூடுற மாதிரி வாங்குங்க, நனைஞ்சா உடனே கழட்டுங்க. ஏப்ரல்ல கொண்டு போனா குளிருக்குள்ள குட்டி ஓரளவு வளந்துரும். ஆனா மே மாச வெயிலுக்கும் அங்க தனியாப் பாடுபடணும்.

சுத்தமல்லியில இருந்து: வயக்காட்டுத் தண்ணியில இறங்குது, பரவாயில்லையா? மழைக்குத் தீனி கூட்டணுமா?

எலி மூத்திரம் கலந்த தண்ணியில எலிக்காய்ச்சல் வரும், நாய்ல இருந்து நமக்கும் தொத்தும். அந்தத் தடுப்பூசி வருஷா வருஷம் போடணும். மழைக்கு முன்னாலயே போட்டுருங்க. கண்ணு மஞ்சளாகி மூத்திரம் கருத்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. தீனி, வெளிய கிடக்குற நாய்க்குக் கொஞ்சம் கூட்டலாம். கம்பங்கூழோட அவிச்ச முட்டை ஒண்ணு சேத்துக் குடுங்க. கூழு வெதுவெதுன்னு இருக்கட்டும். விலா எலும்பு மூணு நாலு தெரியுறது இந்த இனத்துக்கு அழகு, எல்லா எலும்பும் எண்ண முடிஞ்சா தீனி பத்தலைன்னு அர்த்தம்.